ஹோம்ப்ரூ: சொல்லின் வரலாறும் ‘வீட்டாக்கம்’ என்னும் தமிழாக்கமும்

விளையாட்டுக் கன்சோல்கள், அதாவது காணொளி விளையாட்டுகளை ஓட்டுவதற்கென்றே செய்த கருவிகள், பற்றிய பேச்சில் ‘ஹோம்ப்ரூ’ என்ற சொல்லைச் சிலர் சரியாகவும் சிலர் பிழையாகவும் ஆள்கிறார்கள். கன்சோலைத் தயாரித்த நிறுவனத்திடம் உரிமமோ ஒப்புதலோ பெறாமல், ஆர்வலர்கள் தாமே எழுதி அந்தக் கருவியில் ஓடும்படி செய்த மென்பொருளே ஹோம்ப்ரூ. விலை கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டின் திருட்டுப் பிரதியை ஓட்டுவதற்கும் இதே பெயரைச் சூட்டுவது பிழை. இரண்டுக்கும் கன்சோலின் பூட்டைத் திறக்க வேண்டியிருப்பதால் குழப்பம் நேர்கிறது. ஆனால் தன் அடுப்பில் தானே சமைத்து உண்பவனையும் அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையைத் தூக்கிச் செல்பவனையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது. தமிழ்ச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு அதில் நிற்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

‘ஹோம்’ என்பது வீடு. ‘ப்ரூ’ என்ற வினை, தானியத்தையோ இலையையோ நீரில் கொதிக்கவைத்தும் ஊறவைத்தும் புளிக்கவைத்தும் பானமாக்குவதைக் குறிக்கும். பியர் வடிப்பதற்கும் தேநீர் போடுவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினைதான். கொதித்தல், நுரைத்துப் பொங்குதல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து இது வந்தது; இறைச்சியையோ காய்களையோ வேகவைத்து இறுத்த சாற்றைக் குறிக்கும் ‘ப்ராத்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. ஆகவே ஹோம்ப்ரூ என்பதன் நேர்ப்பொருள், ஆலையில் செய்ததை வாங்காமல் வீட்டிலேயே ஆக்கிய பியர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தபோது பலர் வீட்டிலேயே வடித்துக் குடித்தார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகும் வீட்டில் பியர் வடிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபோதுதான், வயது வந்த ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கேலனும் வரியின்றி வடித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. விற்பதற்கு மட்டும் இடமில்லை. தன் பயனுக்கு ஆக்கலாம், விற்பனைக்கு ஆக்கலாகாது என்ற இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொண்டால், மென்பொருளுக்கு இச்சொல் ஏன் பொருந்தியது என்பது எளிதில் விளங்கும்.

இதற்கு நேர் ஒப்பான தொடர் தமிழில் சங்க காலத்திலேயே இருக்கிறது. பகைவர் நிலத்தில் கவர்ந்து வந்த பசுக்களைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்த்த வீரர்கள், பிறகு ‘இல்லடு கள்ளின் தோப்பி பருகி’ மகிழ்ந்ததாகப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. தோப்பி என்பது நெல்லிலிருந்து ஆக்கிய கள். விலைக்கு வாங்கிய கள் ஓர் அடியிலும் வீட்டில் ஆக்கிய கள் அடுத்த அடியிலும் வருவதைக் கவனிக்க வேண்டும். கடைச்சரக்கு, வீட்டுச்சரக்கு என்ற பாகுபாடு அப்போதே சொல்லில் பதிந்திருக்கிறது. புறநானூற்றின் 329ஆம் பாடலும் ‘இல்லடு கள்ளின் சில்குடிச் சீறூர்’ என்றே தொடங்குகிறது. இல் என்பது வீடு. அடு என்பது சமைத்தல், காய்ச்சுதல். அடுப்பு, அடுக்களை, அடிசில், அட்டில் என்பன எல்லாம் இந்த அடுவின் மக்கள். ‘இல்லடு’ என்பதை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஹோம்ப்ரூதான். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும் அப்படியே எடுத்து ஆளலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

பியர்க் குடுவையிலிருந்து மின்கருவிக்கு இச்சொல்லைக் கொண்டுசென்றவர்களில் முன்னோடிகள், பொழுதுபோக்காக வானொலிவழித் தொடர்பு கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். கடையில் வாங்கிய ஒலிபரப்பிக்கு மாறாக, உதிரிபாகங்களைச் சேர்த்துத் தம் கையாலேயே பற்றவைத்த கருவியை அவர்கள் ஹோம்ப்ரூ என்றார்கள். இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அங்கிருந்து கணினிக்கு வந்தது. 1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார்க்கொட்டகையில் கணினி ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற, வாங்குவோரே பூட்டிக்கொள்ள வேண்டிய கணினி அப்போதுதான் வந்திருந்தது. ஃபிரெட் மூரும் ஃபிரெஞ்சும் தொடங்கிய அந்தக் கூட்டம் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் ஆயிற்று. ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடிவமைத்த கணினியின் சுற்றுப்படத்தை அங்கே எல்லோருக்கும் கொடுத்தார். அதுவே பின்னர் முதல் ஆப்பிள் கணினியாக விற்பனைக்கு வந்தது.

திருட்டுக்கும் ஹோம்ப்ரூவுக்கும் இடையிலான குழப்பமும் அந்தக் கொட்டகையின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆல்டேருக்காகத் தம் நிறுவனம் எழுதி விற்ற பேசிக் என்னும் நிரல்மொழியின் துளைநாடாவை, அதாவது நிரலைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவை, ஆர்வலர்கள் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டதைக் கண்டித்து, பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் ஒரு திறந்த மடல் எழுதினார். அந்தக் கிளப்பின் செய்தி மடலிலும் அது வெளியாயிற்று. கேட்ஸின் முறையீட்டில் நியாயம் உண்டு: அவர்கள் படியெடுத்தது பிறர் உழைப்பு. ஆனால் வாஸ்னியாக் கொடுத்தது தம் சொந்த உழைப்பு. ஒரே கூடத்தில் ஒரே ஆட்கள் நடுவே இரண்டும் நடந்ததால் இரண்டும் ஒன்றாகிவிடா.

கன்சோலுக்கு வருவோம். தனிக்கணினியில் யார் எழுதிய நிரலும் ஓடும், இக்காலக் கன்சோல் அப்படியன்று. நிறுவனத்தின் மின்கையொப்பம் பெற்ற நிரலை மட்டுமே அது ஓட்டும். கையொப்பம் இல்லாவிட்டால் மறுத்துவிடும். இதனால்தான் கன்சோல் உலகில் ஹோம்ப்ரூ என்ற சொல்லோடு ‘ஒப்புதலின்றி’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பியருக்கும் வானொலிக்கும் இல்லாத இந்தப் பொருட்கூறு இங்கேதான் சேர்ந்தது. இதற்கு நான் நன்கறிந்த எடுத்துக்காட்டு, நிண்டெண்டோ 2006இல் வெளியிட்டு 10 கோடிக்கும் மேல் விற்ற வீ கன்சோல்.

வீயின் உள்நினைவகம் 512 மெகாபைட் மட்டுமே. முன்புறத்தில் ஒரு சிறு மூடிக்குள் எஸ்டி அட்டைக்கான துளையும், பின்புறம் இரண்டு யுஎஸ்பி துளைகளும் உண்டு. படங்களைப் பார்ப்பதற்கும் விளையாட்டின் சேமிப்புக் கோப்புகளைப் படியெடுத்து வைப்பதற்கும் நிறுவனம் வைத்த அந்த அட்டைத் துளைதான் ஆர்வலர்களின் வாசலாயிற்று. 2008இல் ட்வீசர்ஸ் என்ற ஆர்வலர் குழு வெளியிட்ட முதல் வழி வியப்பானது. ‘ட்வைலைட் பிரின்செஸ்’ விளையாட்டில் நாயகனின் குதிரைக்கு ஆட்டக்காரர் பெயரிடலாம். சேமிப்புக் கோப்பில் அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் அளவுக்கு மீறி நீண்ட பெயரை எழுதி, எஸ்டி அட்டை வழியாகக் கன்சோலுக்குள் கொண்டுசென்றார்கள். விளையாட்டு அந்தப் பெயரைப் படித்ததும், ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் அது வழிந்து, வழிந்த பகுதியில் ஒளிந்திருந்த கட்டளை ஓடத் தொடங்கியது. குழுவின் பெயருக்கும் ஒரு கதை உண்டு: நினைவகச் சில்லின் முனைகளை உலோகச் சாமணத்தால், அதாவது ட்வீசரால், இணைத்தே அவர்கள் கன்சோலின் இரகசியத் திறவுகோல்களை வெளிக்கொணர்ந்தார்கள்.

மற்றொரு பிழையும் குறிப்பிடத் தக்கது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரல், இரண்டு எண் தொடர்களை ஒப்பிடுவதற்குப் பதிலாக, எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தது. எழுத்துத் தொடரை ஒப்பிடும் கட்டளை, சுழி வந்ததும் தொடர் முடிந்ததாகக் கொண்டு நின்றுவிடும். எனவே இரண்டு பக்கமும் முதல் எண் சுழியாக அமைந்துவிட்டால், எஞ்சியவை எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் ‘ஒத்திருக்கிறது’ என்றே விடை வரும். ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்ததால் ஒரு கோட்டையின் கதவு திறந்துகொண்டது.

நிலைபொருள் என்பது கருவியை இயக்க அதற்குள்ளேயே பதித்த மென்பொருள். 2010இல் வந்த 4.3 என்ற வீயின் கடைசி நிலைபொருளுக்கு, அடுத்த ஆண்டு லெட்டர்பாம் என்ற வழி வந்தது. இதற்கு விளையாட்டு வட்டுகூட வேண்டியதில்லை. கன்சோலின் வலையமைப்பு முகவரியைக் கொண்டு அந்தக் கருவிக்கென்றே ஆக்கிய கோப்புகளை எஸ்டி அட்டையில் இட வேண்டும். அட்டை எஃப்ஏடி32 என்ற கோப்பமைப்பு முறையில் வடிவமைத்ததாக இருக்க வேண்டும். கோப்புகள் வேறு கோப்புறைக்குள் புதையாமல் அட்டையின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். பிறகு வீயின் செய்திப்பலகையைத் திறந்தால் அங்கே வெடிகுண்டுச் சின்னத்துடன் ஒரு மடல் நிற்கும். அதைத் திறந்ததும் நிறுவி ஓடும். அதன்வழியே ஹோம்ப்ரூ சேனல் நிறுவப்படுகிறது. அது எஸ்டி அட்டையிலோ யுஎஸ்பி சேமிப்பகத்திலோ ‘ஆப்ஸ்’ என்ற கோப்புறையைத் தேடி, அதற்குள் தனித்தனிக் கோப்புறைகளில் உள்ள செயலிகளைப் பட்டியலிட்டுக் காட்டும். செயலிகள் அட்டையிலேயே தங்குகின்றன. அந்தச் சேனலோ கன்சோலின் உள்நினைவகத்தில் ஏறுகிறது. உடன் வரும் பூட்மீ கருவியைக் கொண்டு, வேறெதையும் செய்வதற்கு முன் உள்நினைவகம் முழுவதையும் அட்டைக்குப் படியெடுத்துவைக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. நிலைபொருள் சிதைந்தால் கன்சோலை மீட்க உதவுவது அந்தப் படிதான்.

இவ்வளவு செய்து மக்கள் ஓட்டியது என்ன? நிறுவனம் தராமல் விட்ட டிவிடி படக் காட்சி, பழைய சாகச விளையாட்டுகளை இயக்கும் ஸ்கம்விஎம், ஆர்வலர்களே எழுதிய சிறு விளையாட்டுகள். 2013 ஜூனில் வீயின் வானிலை, செய்தி அலைவரிசைகளுக்கான சேவை நிறுத்தப்பட்ட பிறகு, தன்னார்வலர்கள் தாமே வழங்கி (சர்வர்) அமைத்து அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். சட்டம் இதை எல்லா இடத்திலும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 2010இல் திறன்பேசிகளின் பூட்டைத் திறக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2012இல் கன்சோல்களுக்கும் அதே விலக்கைக் கேட்டபோது மறுக்கப்பட்டது. திருட்டுப் பிரதிகளைப் பற்றிய அச்சமே அதில் முதன்மையான காரணமாக நின்றது. சொற்குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இனித் தமிழ்ச் சொல். ‘வீட்டு வடிப்பு’ என்றால் நம் காதில் கள்ளச்சாராயம்தான் விழும். உயிரிழப்புகளை நினைவூட்டும் சொல்லை ஓர் ஆக்கப் பணிக்கு இடுவது முறையன்று. ‘நாட்டு’ என்ற அடையும் அப்படியே. நாட்டு வெடி, நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றின் வரிசையில் இது போய் நிற்கும். ‘வீட்டுத் தயாரிப்பு’ என்பது ஊறுகாய்க்கும் மசாலாப் பொடிக்கும் உரியதாகிவிட்டது. ‘தன்னாக்கம்’ நல்ல சொல்தான், ஆனால் தன்னை ஆக்கிக்கொள்வதா, தானாகவே ஆவதா என்ற மயக்கம் தரும். ‘இல்லடு மென்பொருள்’ என்பது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆயினும் அடு என்ற வினை இன்று பேச்சில் இல்லை, அதை ஆண்டால் ஒவ்வொரு முறையும் உரை எழுத வேண்டியிருக்கும். ‘இல்லாக்கம்’ என்று புதுப்பித்தாலும், இல்லாமல் ஆக்குவது என்ற நேர்மாறான பொருள் முந்திக்கொள்ளும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘வீட்டாக்கம்’. ஆக்கு என்ற வினையில்தான் இதன் பொருத்தம் இருக்கிறது. சோறு ஆக்கினார்கள், குழம்பு ஆக்கினார்கள் என்று சமையலுக்கும், ஆக்கம், படைப்பாக்கம் என்று புதிதாய்ச் செய்வதற்கும் தமிழில் இந்த ஒரே வினை நிற்கிறது. ‘ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையா’ என்று வீட்டில் கேட்காத காது இல்லை. ப்ரூ என்ற வினை பானையிலிருந்து கருவிக்கு நடந்த தூரத்தை ஆக்கு என்ற வினை முன்பே நடந்து முடித்திருக்கிறது. சங்கச் செய்யுளின் அடுவுக்கு இன்றைய பேச்சில் வாரிசும் இதுவே. மேலும், பிறர் சமைத்ததை எடுத்து வந்தால் அதை யாரும் ‘ஆக்கினேன்’ என்று சொல்ல மாட்டார்கள். முதலில் கேட்ட வேறுபாட்டை இந்த வினை தானே காத்துக்கொள்கிறது.

வீட்டாக்க மென்பொருள், வீட்டாக்கச் செயலி, வீட்டாக்க விளையாட்டு என்று அடையாக வரும். ஆக்கியவரை வீட்டாக்கர் எனலாம். இயற்பெயர்களை மட்டும் பெயர்க்கக் கூடாது. ஹோம்ப்ரூ சேனல் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். திரையில் அப்படித்தான் தெரியும், தேடுவோர்க்கும் அதுவே உதவும். 2009இல் மேக் கணினிகளுக்காக வந்த ஹோம்ப்ரூ என்ற தொகுப்பு மேலாளரும், அதாவது பிற மென்பொருள்களை நிறுவ உதவும் கருவியும், அவ்வாறே. பீப்பாய், புட்டி, குழாய், நிலவறை என்று தன் உறுப்புகளுக்கெல்லாம் பியர் ஆலையின் பெயர்களையே சூட்டிக்கொண்ட அந்தக் கருவிக்கு, கன்சோலின் பூட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. பொதுப்பெயராக வரும் இடங்களில், ‘இந்த எஸ்டி அட்டையில் மூன்று வீட்டாக்கச் செயலிகள் உள்ளன’ என்று எழுதினால் போதும். ‘திருட்டுப் பிரதிகள் உள்ளன’ என்று எழுத வேண்டிய இடத்தில் அதையே எழுத வேண்டும்.