சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின் போடுபவர்களுக்குச் சில வார்த்தைகள்

'டாக்டர், எங்க பூனைக்கு சுகர் ஊசி போட்டுட்டு இருக்கோம், இன்னைக்கு ஒரே தள்ளாட்டமா இருக்கு' என்று யாராவது போன் செய்தால், எத்தனை யூனிட் போட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் சிரிஞ்சு மூடி என்ன நிறம் என்று கேட்பேன். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. ஊசியை விட்டுவிட்டு மூடியைக் கேட்கிறானே என்று நினைப்பார்கள் போல.

நம் ஊர் மெடிக்கலில் இரண்டு விதமான இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கும். சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. மனிதர்களுக்கு 40 யூனிட் குப்பி இங்கே இன்னும் புழக்கத்தில் இருப்பதால், சும்மா 'இன்சுலின் சிரிஞ்சு குடுங்க' என்று கேட்டால் சிவப்பு கையில் வந்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. பூனைக்கு நான் அதிகம் எழுதுவது கிளார்ஜின் என்கிற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், அது 100 யூனிட் மருந்து. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 5 யூனிட். இரண்டரை மடங்கு. நாலு கிலோ பூனைக்கு இது என்ன செய்யும் என்பதை ஒரு புதன்கிழமை பார்த்தேன்.

அந்த வீட்டு அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை, மூன்று வாரமாகக் காலையும் மாலையும் கடிகாரம் பார்த்து ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தவறியதில்லை. சிரிஞ்சு தீர்ந்துபோனதால் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். காலை 7 மணிக்கு ஊசி. பதினொன்றரைக்கு போன். பூனை சுவரில் முட்டிக்கொள்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை, வாய் ஓரம் துடிக்கிறது. குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து ஈறில் விரலால் தடவிக்கொண்டே கிளம்பி வாருங்கள் என்றேன். வந்து இறங்கியபோது சுகர் 38. ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, மறுநாள் மதியம் அனுப்பினோம். அந்தம்மா பையிலிருந்து சிரிஞ்சை எடுத்து மேஜையில் வைத்தார், சிவப்பு மூடி. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, மூடி நிறத்தைச் சீட்டில் எழுதாமல் விட்டது நான்தானே. இப்போது ஒவ்வொரு சீட்டிலும் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே 'ஆரஞ்சு மூடி' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். 30 யூனிட் வரை மட்டும் அளவுள்ள சின்ன சிரிஞ்சு, அதிலும் அரை யூனிட் கோடு போட்டது, கிடைத்தால் விடாதீர்கள். இன்சுலின் பேனா வசதிதான், ஆனால் பெரும்பாலான பேனாக்களில் அரை யூனிட் திருக முடியாது, பூனை விஷயத்தில் அரை யூனிட் என்பது பெரிய அளவு.

சரி, அளவை மாற்றுகிற கதைக்கு வருகிறேன்.

கிளார்ஜினைக் கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட் என்ற கணக்கில், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை தொடங்குவோம். நடைமுறையில் பெரும்பாலான பூனைகளுக்கு அது 1 யூனிட்டாகத்தான் வரும், எவ்வளவு குண்டான பூனையாக இருந்தாலும் முதல் அளவு 2 யூனிட்டைத் தாண்டாது. போட்ட அன்றே சுகர் இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. இந்த மருந்து உடம்பில் நிலைப்பட்டு அதன் முழு வேலையைக் காட்ட நாலைந்து நாள் ஆகும். அதனால் ஓர் அளவு போதுமா போதாதா என்று ஒரு வாரம் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஏற்றினாலும் அரை யூனிட்தான் ஏற்ற வேண்டும்.

வீட்டில் நடப்பது வேறு. காலையில் ஊசிக்கு முன்னால் காதைக் குத்திப் பார்க்கிறார்கள், 340 காட்டுகிறது, பயந்துபோய் அரை யூனிட் கூட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்து 355. இன்னும் ஒரு யூனிட். என்னிடம் வந்த ஒருவர், ஐடி வேலை, அழகாகக் கலர் போட்டு அட்டவணை வைத்திருந்தார், பன்னிரண்டு நாளில் 1 யூனிட்டிலிருந்து 4க்குப் போயிருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு எண், காலை எண் மட்டும். மருந்தின் வேலை அநேகமாக முடிந்துபோகிற நேரம் அது, சுகர் ஏறித்தான் இருக்கும். மருந்து நன்றாக வேலை செய்கிற நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள் என்றேன். காலை 348, மதியம் 1 மணிக்கு 52. பூனை அப்போது ஜன்னலோரம் படுத்திருந்தது, தூங்குகிறது என்று நினைத்தாராம்.

சுகர் இப்படித் தாழ்ந்து போகும்போது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஹார்மோன்களைச் சுரந்து ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். அதனால் அடுத்த வேளைக்கு எண் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். அதைப் பார்த்து மறுபடி கூட்டினால் இன்னும் ஆழமாக இறங்கும். இது எல்லாப் பூனைக்கும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிற பூனையில் காலை எண்ணை மட்டும் பார்ப்பவருக்குப் பிடிபடவே படாது. அவருடைய பூனைக்கு அளவை 1 யூனிட்டுக்கே இறக்கினோம், ஒரு வாரத்தில் காலை எண் 250 பக்கம் வந்தது. குறைத்தால் குறைகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அவரும் இரண்டு தடவை கேட்டார்.

ஆக, பார்க்க வேண்டியது அடிமட்ட எண், அதாவது ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் சுகர் இறங்கும் மிகக் குறைந்த எண். கிளார்ஜினில் பெரும்பாலும் ஊசி போட்டு நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் அது வரும், பூனைக்குப் பூனை மாறும். அந்த அடிமட்டம் 80க்கும் 150க்கும் நடுவில் இருந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம், காலையில் 300 இருந்தாலும் ஏற்றக் கூடாது. அடிமட்டமே 200க்கு மேல் நிற்கிறது, ஒரு வாரம் ஆகிவிட்டது, பூனை இன்னும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து சிறுநீர் கழிக்கிற மணல் தட்டை நனைக்கிறது, எடையும் ஏறவில்லை என்றால் அப்போது பேசலாம். என்னிடம் வருபவர்களுக்கு நான் போட்டிருக்கும் ஒப்பந்தம் இது: ஆபத்து என்று தோன்றினால் ஒரு வேளை ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோ என்னைக் கேட்க வேண்டாம், செய்துவிட்டுச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு மட்டும் கேளுங்கள். இரண்டு நாள் சுகர் 350ல் நின்றால் நன்றாகச் சாப்பிடுகிற பூனைக்கு அவ்வளவு ஆபத்தில்லை, இரண்டு மணி நேரம் 30ல் நின்றால் மூளை தாங்காது.

ஊசி நேரத்தில் எண் 200க்குக் கீழே இருந்தால் புதியவர்கள் ஊசி போடாமல் என்னைக் கூப்பிட வேண்டும். சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் முழு அளவு போடக் கூடாது, கூப்பிட வேண்டும். சாப்பிடாமல் இருப்பதும் ஊசி இல்லாமல் இருப்பதும் சேர்ந்து ஒரு நாளைத் தாண்டினால், உடம்பு கொழுப்பைக் கரைப்பதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறிவிடும், வாயில் ஒரு மாதிரி பழவாடை வரும், அது உள்நோயாளியாகச் சேர்க்கிற விஷயம். ஊசி பாதி ரோமத்தில் போய்விட்டது, கையெல்லாம் ஈரம், எவ்வளவு உள்ளே போனது தெரியவில்லை என்றால் மறுபடி போடாதீர்கள். காலையில் அம்மா போட்டுவிட்டாரா, இல்லை இன்னும் யாரும் போடவில்லையா என்று சந்தேகம் வந்தாலும் அதே பதில்தான். ஃப்ரிட்ஜ் கதவில் காலண்டர் ஒட்டி டிக் அடிப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

காதைக் குத்துவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. காது மடலின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்த நாளத்தைப் பாருங்கள், வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் பிடித்துச் சூடேற்றுங்கள், துளி வாசலின் தடவுங்கள். இல்லாவிட்டால் ரத்தம் ரோமத்தில் பரவி ஓடிவிடும், தடவினால் முத்தாக நிற்கும். மடலுக்குப் பின்னால் பஞ்சை வைத்துக் குத்தினால் உங்கள் விரலில் குத்தாது. குத்தி முடித்ததும் கொஞ்சம் வேகவைத்த கோழி. மூன்றாவது வாரத்தில் மீட்டர் சத்தம் கேட்டாலே வந்து உட்காரும் பூனைகள் இருக்கின்றன. மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், பரவாயில்லை, ஒரே மீட்டரில் தொடர்ந்து பாருங்கள், எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சுகரைத் தொடர்ந்து அளக்க மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்கிற சென்சாரைப் பூனை முதுகில் ஒட்டியும் பார்க்கிறோம், நன்றாக வேலை செய்கிறது, 14 நாள் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பூனை அதற்குள் பிய்த்துவிடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஒற்றை எண்ணை நான் நம்புவதே இல்லை. நாய் குரைக்கிற வரவேற்பறையில் கூடைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்த பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும் 300 கூடக் காட்டலாம்.

எண் இறங்கவில்லை என்றால் அளவைத் தொடுவதற்கு முன்னால் வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்த மே மாதத்தில் குப்பி கெட்டிருக்கலாம், ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்தும் போயிருக்கலாம், இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. புதுக் குப்பி திறந்து பாருங்கள். தோல் அரிப்புக்கு எங்கேயோ போட்ட ஸ்டீராய்டு ஊசி வாரக்கணக்கில் இன்சுலினை வேலை செய்ய விடாது. பல் ஈறு வீங்கியிருந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அதே கதை. சில பூனைகளுக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும், அவற்றுக்கு யூனிட் கணக்கு நம்ப முடியாத அளவுக்குப் போகும், அதைச் சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பாட்டி. எண் ஏன் மதியம் மட்டும் எகிறுகிறது என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்ட ஒரு வீட்டில், பதினொரு மணிக்குப் பின்கட்டில் ஒரு கிண்ணம் பால்சோறு போய்க்கொண்டிருந்தது. 'வாயில்லா ஜீவன், ஊசி வேற குத்துறீங்க' என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

அந்தப் பால்சோறு சின்ன விஷயமில்லை. பூனைக்கு மாவுச்சத்து தேவையே இல்லை, சாதம், பால், பிஸ்கட், மலிவான உலர் தீவனம் எல்லாமே சுகரை ஏற்றும். மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாறினால் இன்சுலின் தேவை சட்டென்று இறங்கும். இதில்தான் இன்னொரு பள்ளம் இருக்கிறது: உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவையே போட்டால் சுகர் தாழ்ந்துபோகும். உணவு மாற்றுகிற வாரத்தில் சுகரை அடிக்கடி பாருங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இணையத்தில் வெளிநாட்டுப் பூனைக் குழுக்கள் நிறைய உண்டு, நானே படிப்பேன், விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டன்காரர் 'இன்றைக்கு 12' என்று எழுதினால் நம் மில்லிகிராம் கணக்கில் அது 216, அவர்களுடைய மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் மூன்று நாளைக்கு ஒரு தடவை அளவை மாற்றுகிறார்கள் என்றால், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சுகர் பார்த்துவிட்டு மாற்றுகிறார்கள். அந்த அட்டவணையைக் காலை எண் ஒன்றோடு சேர்த்துப் பின்பற்றியவர்தான் மேலே சொன்ன ஐடி வேலைக்காரர், அவர் பூனைக்குத்தான் அந்த 52. வீட்டில் அப்பா போடுகிற சுகர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. பூனைக்கென்றே மாத்திரை அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி பெற்றது, அதுவே ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் வருகிறது.

சுகர் தாழ்வதற்கு அடையாளம் எப்போதும் வலிப்பாக வராது. திடீரென்று அகோரப் பசி, இலக்கில்லாத நடை, பின்னங்கால் தளர்ச்சி, வெறித்த பார்வை. எழுந்து சாப்பிடும் நிலையில் இருந்தால் உணவு வையுங்கள், தேனோ குளுக்கோஸோ ஈறில் தடவுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி சுகர் பாருங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும், விரலையும் பல்லுக்கு நடுவில் கொடுக்காதீர்கள். ஈறில் தடவியபடியே வண்டியை எடுங்கள். தேறிவிட்டது என்று தோன்றினாலும் வர வேண்டும், ஊசி இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்த ஆசிரியை அம்மாவின் பூனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 1 யூனிட்டில் தொடங்கினோம், உலர் தீவனத்தை நிறுத்தினோம். ஏழாவது வாரம் அடிமட்டம் 70, அரை யூனிட்டாக்கினோம். பத்தாவது வாரம் ஊசி நேரத்திலேயே 110. நிறுத்தினோம். ஆரம்பத்திலேயே பிடித்துச் சுகரைக் கட்டுக்குள் வைத்தால் பூனைகளில் இப்படி நடக்கும், எல்லாவற்றுக்கும் இல்லை, திரும்பி வராது என்ற உத்தரவாதமும் இல்லை. இன்றைக்கும் ஞாயிறுதோறும் காதைக் குத்தி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வாரம் 98. கூடவே ஒரு போட்டோ, ஃப்ரிட்ஜ் மேல் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒரு முழுப் பாக்கெட், அதை முகர்ந்துகொண்டு பூனை.