குடலிறக்கமா, பிதுக்கமா?

‘வெட்டுக் குடலிறக்கத் தடுப்புக் கண்ணி.’ வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் கையில் கொடுத்த தாளில் இப்படித்தான் அச்சிட்டிருந்தது. “என் குடலை வெட்டிட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டார். வெட்டியது வயிற்றுச் சுவரை மட்டும்தான்.

அறுவை செய்த இடத்தில் வரும் ஹெர்னியா, ஆங்கிலத்தில் ‘இன்சிஷனல் ஹெர்னியா’. அதைத்தான் ‘வெட்டுக் குடலிறக்கம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஹெர்னியா லத்தீன் சொல். குடலைக் குறிக்கும் ‘ஹீரா’ அதற்கு உறவு என்பார்கள். சரி, வேரில் குடல் இருக்கட்டும். இன்றைய பொருள் அதுவல்ல. உள்ளே இருக்கவேண்டிய ஒன்று, சுவர் நலிந்த இடத்தில் தள்ளிக்கொண்டு வந்தால் ஹெர்னியா.

வருவது எப்போதும் குடலா? வெறும் கொழுப்பாகவும் இருக்கும். எப்போதும் இறங்குகிறதா? கவட்டில் வருவதற்கு அது பொருந்தும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியே இரைப்பை மார்புக்குள் ஏறுவதும் ஹெர்னியாதான். மேலே ஏறுவதை இறக்கம் என்று எப்படிச் சொல்வது? முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் குடலே கிடையாது, அங்கும் ஹெர்னியா உண்டு. கருப்பை இறக்கம் என்று வேறொரு நோய்க்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது. இறக்கத்தை அதற்கே விட்டுவிடலாம்.

இறங்கு, இறக்கம் என்பதுபோல பிதுங்கு, பிதுக்கம். தலையணை ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் பஞ்சு பிதுங்கும் இல்லையா, அதேதான். அறுவைக்குப் பின் தழும்பில் வருவது தழும்புப் பிதுக்கம். ஜெர்மானியரும் தழும்பை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பெயரில் காரணமும் தெரிகிறது. தோல் மேலே அழகாகக் கூடியிருக்கும். அடியில் தசையுறையில் போட்ட தையல்தான் விட்டிருக்கும். அந்தத் தையலை நெருக்கிப் போடவேண்டும்: காயத்தின் விளிம்பிலிருந்து 5 மி.மீ., தையலுக்குத் தையல் 5 மி.மீ., நூல் காயத்தின் நீளத்தைப்போல் 4 மடங்காவது. நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 1 செ.மீ. இடைவெளித் தையலில் ஓராண்டுக்குள் 21 விழுக்காட்டினருக்கு வந்த பிதுக்கம், நெருக்கத் தையலில் 13 ஆகக் குறைந்தது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, தைக்கும்போதே சுவரைத் தாங்க ஒரு வலையும் வைப்பதுண்டு.

அந்த வலையைத்தான் ‘கண்ணி’ ஆக்கியிருக்கிறார்கள். கண்ணி பறவைக்கு வைப்பது. “வலை வச்சுத் தைச்சிருக்கு” என்று அறுவை மருத்துவர் வாயாலேயே சொல்கிறார், நோயாளியும் வீட்டில் அப்படியே சொல்கிறார். மொழிபெயர்ப்பவர் இவர்கள் இருவரிடமும் கேட்காமல் அகராதியை மட்டும் புரட்டுகிறார். நான் அந்தத் தாளில் வரியை அடித்து, ‘தழும்புப் பிதுக்கம் வராமலிருக்க வைத்த வலை’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்து அவர் கேட்டது, எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது என்று.