குளிர்க்கடல் கப்பலில் சொகுசு சூட் அறையை எங்கே எடுப்பது?

அலாஸ்கா, நார்வே, அண்டார்க்டிகா போன்ற குளிர்க்கடல் பயணங்களுக்குச் சூட் (suite) எனப்படும் சொகுசு அறையைப் பதிவு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது அறையின் பரப்பளவையும் பால்கனியின் நீளத்தையும்தான். கப்பலில் அந்த அறை எங்கே இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதுதான் முதலில் வர வேண்டும். அச்சில் வார்த்தது போன்ற இரண்டு சூட்களில் ஒன்றில் நிம்மதியாகத் தூங்கலாம், இன்னொன்றில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடக்க நேரலாம். பல கப்பல்களில் விலை கூடிய சூட்கள் உச்சி டெக்கிலும் (தளத்திலும்) முன்முனையிலும் பின்முனையிலும் இருக்கின்றன. ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான்.

கப்பல் பல விதமாக அசைந்தாலும் பயணியைப் படுத்துவது முக்கியமாக இரண்டு அசைவுகள். ஒன்று, முன்முனை ஏறும்போது பின்முனை இறங்கும் முன்பின் ஆட்டம். மற்றது, இடமும் வலமுமாகச் சாயும் பக்கவாட்டு ஆட்டம். முன்பின் ஆட்டத்தில் கப்பல் ஒரு சீசா பலகை மாதிரி ஓர் அச்சைச் சுற்றி ஆடுகிறது. அந்த அச்சு பெரும்பாலும் கப்பலின் நட்டநடுவில் இருக்காது, சற்றே பின்தள்ளி இருக்கும்.

300 மீட்டர் நீளமுள்ள கப்பல் 10 நொடிக்கு ஒரு சுற்றாக, மேலும் கீழும் 1 பாகை சாய்வதாக வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து 140 மீட்டர் முன்னால் உள்ள அறை 2.4 மீட்டர் ஏறி, பழைய நிலைக்கு வந்து, இன்னும் 2.4 மீட்டர் இறங்கும். மொத்தம் கிட்டத்தட்ட 5 மீட்டர். அச்சிலிருந்து 20 மீட்டர் தள்ளி உள்ள அறையோ 35 சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கும். முன்னறையில் படுத்திருப்பவரின் எடை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடிக் குறைகிறது. வயிற்றைப் புரட்டுவது இதுதான்.

எல்லா வேகத்து ஆட்டமும் உடலுக்கு ஒன்றல்ல. 5 அல்லது 6 நொடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போகும் அசைவே குமட்டலை அதிகம் கிளப்புகிறது. 10 நொடி இடைவெளி கொண்ட அலைகள் ஆழ்கடலில் சுமார் 156 மீட்டர் நீளம் இருக்கும், நொடிக்கு 15.6 மீட்டர் வேகத்தில் ஓடும். கப்பல் 18 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9.3 மீட்டர், அவற்றை எதிர்த்துப் போனால் அலைகள் 6.3 நொடிக்கு ஒன்றாக வந்து மோதும். குமட்டல் எல்லைக்குச் சரியாகப் பக்கத்தில். அதே அலைகள் பின்னாலிருந்து வந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 25 நொடி கிடைக்கிறது. ஒரே கடல், ஒரே காற்று, ஆனால் போகும்போது அவதி, திரும்பும்போது தாலாட்டு என்று ஆவது இதனால்தான்.

கப்பலின் நீளமும் கணக்கில் வரும். தன் நீளத்துக்கு நிகரான அல்லது அதைவிட நீளமான அலைதான் கப்பலை முன்பின் நன்றாக ஆட்டும். 110 மீட்டர் நீளமுள்ள துருவப் பயணக் கப்பலுக்கு 8 நொடி அலையே போதும். 300 மீட்டர் கப்பலை அதே போல ஆட்ட 14 நொடி அலை வேண்டும், அதன் நீளம் 300 மீட்டரைத் தொடும். ஆகவே கப்பல் சிறியதானால் இடத் தேர்வில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

பக்கவாட்டு ஆட்டத்தின் அச்சு ஏறக்குறைய நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். இங்கே உயரம்தான் எதிரி. 3 பாகை சாய்வில், அச்சுக்கு 30 மீட்டர் மேலே உள்ள சூட் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் நகரும். 5 மீட்டர் மேலே உள்ள கேபின் 26 சென்டிமீட்டர் நகரும். கப்பலின் இரு புறமும் நீருக்கடியில் நீளும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் இந்த ஆட்டத்தை வெகுவாக அடக்கிவிடும். ஆனால் அவை வேகத்தை நம்பி வேலை செய்பவை: வேகம் பாதியானால் அவற்றின் விசை கால் பங்காகிவிடும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. "எங்கள் கப்பலில் ஸ்டெபிலைசர் இருக்கிறது" என்ற உறுதிமொழியை நம்பி முன்முனை சூட்டை எடுக்க வேண்டாம்.

அடுத்தது இடமா வலமா என்பது. இதற்கு வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கனடாவின் வான்கூவரில் தொடங்கி வடக்கே அலாஸ்காவின் விட்டியர் அல்லது சீவர்டு துறைமுகத்தில் முடியும் ஒருவழிப் பயணத்தில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும்போது நிலம் வலப்பக்கம், கப்பல்காரர்கள் சொல்லும் ஸ்டார்போர்டு. 4,671 மீட்டர் உயரமான ஃபேர்வெதர் சிகரமும் அந்தப் பக்கம்தான். தெற்கே திரும்பும் பயணத்தில் அவை இடப்பக்கம், போர்ட். ஆனால் அந்தப் பகுதியைக் கப்பல் பகலில் கடக்கிறதா என்று நேர அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் போனால் இந்தக் கணக்குக்கே அர்த்தம் இல்லை. தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே போகும் உட்கால்வாயில் இரண்டு பக்கமும் நிலம் உண்டு.

நுழைந்த வழியே வெளியேறும் ஃபியோர்டுகளில், அதாவது மலைகளுக்கு நடுவே உள்நுழையும் ஒடுங்கிய கடல் நீட்சிகளில், பக்கம் பெரிதில்லை. நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டு சுமார் 15 கிலோமீட்டர் நீளம். உள்ளே போகும்போது 'ஏழு சகோதரிகள்' அருவி இடப்பக்கம் வரும், வெளியே வரும்போது வலப்பக்கம். அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல்கள் நின்று, இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுவது வழக்கம்.

அந்தப் பனியாற்றின் முகப்பு நீருக்கு மேலே சுமார் 75 மீட்டர் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து உடையும் பனிப்பாளம் நீரைத் தொட 4 நொடி கூட ஆகாது. கப்பல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் உடையும் ஓசை வந்துசேரவே 3 நொடி. சத்தம் கேட்டு அறைக்குள்ளிருந்து எழுந்து ஓடி வருகிறவருக்குக் கிடைப்பது தெறித்த நீர் மட்டுமே. கண்ணை முன்கூட்டியே முகப்பின் மேல் வைத்திருக்க வேண்டும். அதற்கு, குளிரில் நெடுநேரம் நிற்கத் தோதான பால்கனி வேண்டும்.

தோதான பால்கனி எது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. காற்றே வீசாத நாளிலும் 18 நாட் வேகத்தில் போகும் கப்பலின் முன்முனையில் மணிக்கு 33 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் என்றால் தோலுக்கு 0 பாகை போலத் தெரியும். 0 பாகை என்றால் மைனஸ் 7 போல. முன்நோக்கிய பால்கனிகளில் கப்பல் ஓடும்போது உட்கார முடிவது அபூர்வம், பலத்த காற்றில் அவற்றை மூடியும் விடுவார்கள். இரவில் திரையை இழுத்து மூடச் சொல்வார்கள், ஏனெனில் அறை வெளிச்சம் மேலே கப்பலை ஓட்டுகிறவர்களின் இருட்டுப் பார்வையைக் கெடுக்கும். பின்முனைப் பால்கனியில் எதிர்காற்று படாது, அகன்ற காட்சி கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் கடந்த பிறகே பார்ப்பீர்கள், இயந்திர அதிர்வு இருக்கலாம், காற்று சுழன்றால் புகைபோக்கியின் வாடையும் வரும். நடுப்பகுதிப் பக்கவாட்டுப் பால்கனியில் இரு புறத்துத் தடுப்புகளும் காற்றை உடைப்பதால் போர்வையோடு மணிக்கணக்கில் உட்காரலாம்.

பெரிய பால்கனி நல்ல பால்கனி என்று சொல்ல முடியாது. மேல்தளப் பலகை உங்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நாற்காலியில் அமர்ந்த கண்ணுக்கு 1.2 மீட்டர் மேலே அந்தப் பலகை, அதன் விளிம்பு 1.5 மீட்டர் தள்ளி என்றால், அண்ணாந்து பார்க்கக்கூடியது 39 பாகைவரைதான். ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் 1,000 மீட்டர் மலையின் உச்சியைக் காண 45 பாகை வேண்டும், அரை கிலோமீட்டரில் நின்றால் 63 பாகை. எழுந்து கைப்பிடி ஓரம் போனால்தான் உச்சி தெரியும். கட்டிலில் இருந்தபடி பார்த்தால் சுமார் 15 பாகையோடு சரி, மலையடிவாரம் மட்டுமே. கைப்பிடிச் சுவர் கண்ணாடியா இரும்பா என்றும் கேளுங்கள். இரும்பாக இருந்தால் உட்கார்ந்தவருக்கு அருகிலுள்ள நீர் மறைந்துவிடும்.

உயரத்தால் ஆதாயமே இல்லையா? உண்டு, குறைவு. கண் நீரிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 10.7 கிலோமீட்டர். நான்கு மடங்கு உயர்ந்து 36 மீட்டருக்குப் போனால் 21.4, அதாவது இரண்டு மடங்குதான். நாலாபக்கமும் மலை மறைக்கும் ஃபியோர்டில் அந்தக் கூடுதல் தொலைவால் பயன் ஒன்றும் இல்லை.

சூரியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகோளத்தில் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். தெற்கு பார்த்த பால்கனி கதகதப்பாக இருக்கும், ஆனால் எதிரே மலை கருநிழலாகவும் நீர் கண்கூசும் பளபளப்பாகவும் தெரியும். படம் எடுக்க வடக்கு பார்த்த பக்கமே மேல், முதுகுக்குப் பின்னிருந்து ஒளி விழும். அண்டார்க்டிகாவிலும் சிலியின் ஃபியோர்டுகளிலும் இது தலைகீழாக மாறும்.

இனி டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தை, விரியுங்கள். கப்பலின் நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேலும் கீழும் கேபின்களே உள்ள டெக்கைத் தேடுங்கள். நீச்சல்குள டெக்குக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவுவரை இசை. உயிர்காப்புப் படகுகளுக்கு நேர் மேலே உள்ள டெக்கில் கீழ்நோக்கிய காட்சி படகுக் கூரையில் முட்டும், இன்னும் ஒரு டெக் மேலே போவது நல்லது. லிஃப்டுக்கு எதிரிலும் பணியாளர் அறையை ஒட்டியும் வேண்டாம்.

அண்டார்க்டிகாவுக்கு விதியே வேறு. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும், கப்பல்களும் பெரும்பாலும் சிறியவை. அங்கே நடுவில், கூடியவரை கீழே. ரப்பர் படகில் ஏறும் தளமும் பக்கத்தில் இருக்கும், கனத்த உடையோடு படியேறி இறங்கும் வேலை குறையும். மிகக் கீழே, முன்பக்கமாக இருந்தால் பனித்துண்டுகள் கப்பலின் தோலை உரசிப்போகும் ஓசை இரவெல்லாம் கேட்கும். தூக்கம் எளிதில் கலைகிறவர்கள் ஒரு டெக் ஏறிக்கொள்ளலாம்.

'கேரண்டி' கட்டணம் என்றால் வகையை மட்டும் உறுதி செய்து, அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு முடிவு செய்யும். போய் அதே வழியில் திரும்பும் ஃபியோர்டுப் பயணத்தில் அதை எடுக்கலாம். ஒருவழி அலாஸ்காவிலோ டிரேக் கடப்பிலோ கூடுதல் பணம் கொடுத்தாவது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். பணம் போதாவிட்டால் சூட்டை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் சாதாரண பால்கனி கேபினை எடுங்கள்.