யானைக்கால் புழுவைக் கொல்ல பாக்டீரியா மருந்து

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் உடலில் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. அந்தக் கொசு சுமந்து வரும் உச்சரேரியா புழுவுக்குள்ளும் வோல்பாக்கியா உண்டு. பேர் ஒன்றுதான், கிளை வேறு, பிழைப்பும் வேறு. கொசுவை அது சுரண்டுகிறது. புழுவோ அதை நம்பித்தான் உயிர் வாழ்கிறது.

முதலில் கொசு. வோல்பாக்கியா செல்லுக்குள் மட்டுமே வாழும். தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆண் கொசுவுக்குள் இருப்பது முட்டுச்சந்தில் மாட்டியதுபோல. ஆனாலும் சும்மா இருப்பதில்லை, விந்தணுவைக் கெடுத்து வைக்கிறது. அந்த ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் கருவின் முதல் பிரிவிலேயே தந்தைவழிக் குரோமோசோம்கள் பின்தங்கிச் சிதைகின்றன, முட்டை பொரிக்காது. பெண்ணிடமும் அதே வகை இருந்தால் மாற்று மருந்து முட்டைக்குள்ளேயே தயார். ஆக, பாக்டீரியா இல்லாத பெண்களின் வம்சம்தான் தேய்கிறது. ரங்கூன் அருகே ஒக்போ கிராமத்தில் இப்படிப் பொருந்தாத ஆண்களைத் தொடர்ந்து விட்டு கியூலெக்ஸை ஒழித்த ஆய்வை ஹான்ஸ் லாவென் 1967இல் வெளியிட்டார். இதற்கெல்லாம் காரணம் வோல்பாக்கியா என்பது 1971இல்தான் தெரிந்தது.

புழுவின் கதை வேறு. 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள பெண் புழு நம் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும். அதன் தோலடித் திசுவிலும் சூலகத்திலும் வோல்பாக்கியா நிறைந்திருக்கும். புழுவுக்குத் தேவையான ஹீம், ரைபோஃபிளேவின் போன்ற சத்துகளை அதுதான் தயாரித்துத் தருவதாகத் தெரிகிறது. அதை அழித்தால் முதலில் கருக்கள் சாகும், புழு மலடாகும். தாய்ப்புழு சாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

பாக்டீரியாவைக் கொல்ல டாக்சிசைக்ளின் போதும்: தினம் 200 மி.கி., 4 முதல் 6 வாரம், மருத்துவர் மேற்பார்வையில். ஒரு வாரத்தில் நிறுத்தினால் மிஞ்சிய பாக்டீரியா மறுபடி பெருகிவிடும். மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். பாலும் இரும்புச்சத்து மாத்திரையும் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கொடுப்பதில்லை. ஊருக்கே மாத்திரை கொடுக்கும் முகாமுக்கு இது ஒத்துவராததற்கு இந்த விலக்குகளும் இத்தனை வார நீளமும்தான் காரணம். அங்கே இன்னமும் டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்), அல்பென்டசோல் போன்ற புழு மருந்துகள்தான், சில இடங்களில் கூடவே ஐவர்மெக்டினும்.

டி.இ.சி. விழுங்கிய ஓரிரு நாளில் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். "ஒத்துக்கல" என்று அடுத்த ஆண்டு மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களுக்குத்தான் இந்தக் காய்ச்சல் அதிகம். நுண்புழுக்கள் செத்துச் சிதையும்போது உள்ளிருந்த வோல்பாக்கியா வெளியே கொட்டுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதைக் கண்டு கொதிக்கிறது. டாக்சிசைக்ளினில் புழு மெல்லச் சாகிறது, சாகும் நேரத்தில் பாக்டீரியாவும் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் இந்த அமளி குறைவு.

எல்லாப் புழுவுக்கும் இந்த மருந்து பலிக்காது. ஆப்பிரிக்காவில் கண்ணுக்குள் ஊர்ந்து போகும் லோவா புழுவும் யானைக்கால் புழு சேர்ந்த ஃபைலேரியா குடும்பம்தான், ஆனால் அதனுள் வோல்பாக்கியா இல்லை. டாக்சிசைக்ளினை எத்தனை வாரம் கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.