கிளாம் என்றால் மட்டி

மொரிஷியஸில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் ‘கிளாம்’ என்பது ஆங்கிலப் பாடத்தில் வரும் ஒரு சொல். ‘தெக்தெக்’ என்று சொன்னால்தான் முகம் மலரும். அலை இறங்கியதும் ஈர மணலைக் கிளறிப் பொறுக்கும் அந்தச் சின்ன இரட்டை ஓட்டுப் பிராணிதான் அது. பொம்தமூர் என்ற தக்காளி, இஞ்சி, பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்த தெக்தெக் புய்யோனுக்கு ஈடான சாறு வேறு உண்டா என்ன! ஆனால் பக்கத்து ரியூனியனில் தெக்தெக் என்று ஒரு சிறு பறவையும் இருக்கிறது. அதனால் நமக்கென்று தெளிவான தமிழ்ச் சொல் வேண்டும். அது இருக்கவும் இருக்கிறது: மட்டி.

அகராதியைப் புரட்டினால் சிப்பி, கிளிஞ்சல், மட்டி மூன்றும் ஒன்றாகக் கிடக்கும். மூன்றையும் கலந்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது மட்டி. சதை போய்க் கரையில் ஒதுங்கும் வெற்று ஓடு கிளிஞ்சல்; அதைச் சுட்டுத்தான் வெற்றிலைச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சிப்பி எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கினாலும், முத்து என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். பவளப்பாறையில் பதிந்திருக்கும் பெரிய வகையைப் பிரெஞ்சில் ‘பெனித்தியே’ என்பார்கள். தேவாலய வாசலில் தீர்த்தம் வைக்கும் தொட்டிக்கும் அதே பெயர். பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் இன்றும் இந்த ஓடுகளில்தான் தீர்த்தம் இருக்கிறது. தமிழில் இதை ராட்சத மட்டி என்றே சொல்லலாம்.

சரி, ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘கிளாம்’ என்றால் பிடி, கட்டு. பட்டறையில் பலகையை இறுக்கும் ‘கிளாம்ப்’ அதற்கு உறவு. தொட்டதும் இரண்டு ஓடும் கவ்வி மூடிக்கொள்வதால் பிராணிக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. மடக்கித் திறக்கும் கைப்பேசியைக் ‘கிளாம்ஷெல்’ என்பது இந்த வடிவத்தால்தான். அமெரிக்கக் கொச்சையில் டாலருக்கும் கிளாம் என்று பெயர் உண்டு. வியர்வையில் பிசுபிசுக்கும் கையைச் சொல்லும் ‘கிளாமி’ மட்டும் வேறு வேரிலிருந்து வந்தது.

ஒருவர் பேச மறுத்து வாயை இறுக மூடிக்கொண்டால் ஆங்கிலத்தில் ‘கிளாம் அப்’ என்பார்கள். இதை மொழிபெயர்க்கும்போது மட்டியை உள்ளே இழுக்கவே கூடாது. தமிழில் ஒருவனை மட்டி என்றால் அறிவு மழுங்கியவன் என்று அர்த்தம். ‘வாயே திறக்கவில்லை’ என்று எழுதினால் போதும்.