தீவாந்தரத் தண்டனை: 'டிரான்ஸ்போர்டேஷன்' என்னும் சட்டச் சொல்லும் அதற்குரிய தமிழும்

ஆஸ்திரேலியாவின் குடியேற்ற வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,62,000 பேரைப் பெரும்பாலும் 'நாடுகடத்தப்பட்ட கைதிகள்' என்றே குறிப்பிடுகின்றனர். இத்தொடர் முற்றிலும் பிழையானது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதிலுள்ள இரண்டு சொற்களும் அம்மனிதர்களின் நிலையைப் பாதியளவே உணர்த்துகின்றன. நாடுகடத்தல் என்றால் ஒருவரை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அதற்குப்பின் அவர் எங்கே எப்படி வாழ்ந்தாலும் அரசு தலையிடாதிருத்தல் என்றும், கைதி என்றால் சிறைக்குள் பூட்டி வைக்கப்பட்டவர் என்றும் இன்றைய வாசகர் பொருள் கொள்வார். ஆங்கிலச் சட்டம் 'டிரான்ஸ்போர்டேஷன்' என்று பெயரிட்ட தண்டனை இவ்விரண்டிலும் அடங்காதது.

அச்சொல் இலத்தீன் வழிவந்தது. 'டிரான்ஸ்' என்பது அப்பால் என்றும், 'போர்ட்டாரே' என்பது சுமந்து செல்லுதல் என்றும் பொருள்படும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒன்றைக் கொண்டுசேர்ப்பது என்ற அந்தப் பொதுப்பொருளே பின்னாளில் போக்குவரத்தைக் குறிக்க நிலைத்தது. குற்றவாளிகளைக் கடல்கடந்து அனுப்பும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தபோதிலும், அதை முறையான தண்டனையாக வகுத்தது 1718ஆம் ஆண்டுச் சட்டமே. சிறு களவு போன்ற குற்றங்களுக்கு 7 ஆண்டுகள், மரண தண்டனையிலிருந்து மன்னிக்கப்பட்டோருக்கு 14 ஆண்டுகள் என்று அது வரையறுத்தது. இச்சட்டத்தில் சொல்லாராய்ச்சிக்குப் பயன்படும் கூறு வேறொன்று: தண்டனைக் காலம் முடியும்வரை அம்மனிதரின் உழைப்பின்மீது சொத்துரிமை, அவரை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தக்காரருக்கு உண்டு என்று அது கூறியது. கப்பல்காரர் அந்த உரிமையை வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் இருந்த தோட்ட முதலாளிகளிடம் விற்றுவிட்டுத் திரும்பினார். இவ்வாறு ஏறத்தாழ 50,000 பேர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். ஆகவே டிரான்ஸ்போர்டேஷன் என்பதில் மூன்று கூறுகள் உள்ளன: கடல்கடந்து கொண்டுசெல்லுதல், குறிப்பிட்ட ஓரிடத்தில் இருத்துதல், உழைப்பைப் பிறர் உடைமையாக்குதல். இவற்றுள் மூன்றாவதே நம் மொழிபெயர்ப்புகளில் நழுவிப்போகிறது.

1775இல் அமெரிக்கப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. தண்டிக்கப்பட்டோரைத் தேம்ஸ் ஆற்றில் நிறுத்திய பழைய கப்பல்களில் அடைத்து வைத்த பிரிட்டிஷ் அரசு, பத்தாண்டுகளுக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட 11 கப்பல்கள் பாட்டனி விரிகுடாவை அடைந்து, அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று எனக் கண்டு, 1788 ஜனவரி 26 அன்று இன்றைய சிட்னி துறைமுகத்தில் தங்கின. அங்கே உழைப்பின்மீதான உரிமை வணிகருக்கு அன்றி ஆளுநருக்கு உரியதாயிற்று. கப்பல் ஒப்பந்தமோ இலாப நோக்கிலேயே நீடித்தது. 1790இல் வந்த இரண்டாம் தொகுதிக் கப்பல்களின் ஒப்பந்தம், அடிமை வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒரு நிறுவனத்திடம் இருந்தது. கரை சேர்ந்த தலைக்கு அல்லாமல் ஏற்றிய தலைக்குக் கூலி என்பதே உடன்படிக்கை. ஏறத்தாழ ஆயிரம் பேரில் கால்பங்கினர் வழியிலேயே இறந்தனர். ஒவ்வொரு கப்பலிலும் அரசால் அமர்த்தப்பட்ட மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்கும் முறை 1815க்குப் பின் நிலைபெற்றதும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. சரக்கு ஏற்றுதலைக் குறிக்கும் சொல்லே இத்தண்டனைக்குப் பெயராக அமைந்தது, அந்தத் தொடக்க ஆண்டுகளைப் பொறுத்தவரை, கொடுமையான பொருத்தமே.

இனித் தமிழுக்கு வருவோம். 'கட' என்பது தன்வினை. 'கடத்து' என்பது அதன் பிறவினை, அதாவது கடக்கச் செய். சொல்லமைப்பை மட்டும் நோக்கினால் டிரான்ஸ்போர்டேஷனுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் இல்லை. ஆனால் வழக்கு வேறு திசையில் சென்றுவிட்டது. இன்று 'கடத்தல்' என்று தனித்துச் சொன்னால் தங்கக் கடத்தலும் ஆட்கடத்தலுமே நினைவுக்கு வருகின்றன. 'நாடுகடத்தல்' என்று சேர்த்துச் சொன்னால், விசா முடிந்த வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவதும், தேடப்படும் குற்றவாளியை வேறொரு நாட்டிடம் ஒப்படைப்பதும், அரசியல் எதிரியை விரட்டுவதும் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடைபடுகின்றன. நான்காவதாக ஒன்றை அதில் திணிப்பது அச்சொல்லுக்கும் நல்லதன்று, வாசகருக்கும் நல்லதன்று. தனித்தமிழ் ஆர்வத்தால் 'கடல்கடத்தல்' என்று ஆக்கினால், படகில் பீடி இலை கொண்டுசெல்லும் செய்தி என்றே பலர் எண்ணுவர்.

நம் முன்னோர் இத்தண்டனையை நேரில் அறிந்தவர்கள். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'தீவாந்தரம்'. வடமொழியின் 'த்வீபம்', 'அந்தரம்' என்னும் இரு சொற்கள் கூடி, வேறு தீவு என்று பொருள்பட்டது. தேசாந்தரம் என்பதும் இதே அமைப்புடையது. தேசாந்திரி என்னும் சொல்லின் ஒலிச் சாயலால்தானோ என்னவோ, பேச்சிலும் அச்சிலும் 'தீவாந்திரம்' என்ற வடிவமே மிகுதியாகப் பரவியது. மூலத்தை நோக்கினால் தீவாந்தரமே செம்மையான வடிவம். மற்றதைக் கொச்சை என்று தள்ளவும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா ஒரு கண்டமாயிற்றே, அதைத் தீவு எனலாமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. இருபுறமும் நீர் சூழ்ந்த நிலமே த்வீபம். பெருநிலப்பரப்பையே நாவலந்தீவு என்று அழைத்த மரபு தமிழுக்கு உண்டு.

1801இல் பாளையக்காரர் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரையும் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியையும் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்தில் தண்டிக்கப்பட்டோர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், 1858க்குப் பின் அந்தமானுக்கும் சென்றனர்; சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் இந்தியத் தண்டனைக் கைதிகளின் உழைப்பால் எழுந்ததாகும். 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சிதம்பரனாருக்கு இரு குற்றங்களுக்காக விதித்ததும் தீவாந்தரத் தண்டனையே. அவர் கப்பலேற்றப்படவில்லை, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்ட அத்தண்டனையைக் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் கழித்தார். எனவே இச்சொல் மொழிபெயர்ப்பாளர் மேசையில் பிறந்ததன்று. சிட்னிக்குப் போனவர்களுக்கும் போர்ட் பிளேருக்குப் போனவர்களுக்கும் விதிக்கப்பட்டது சட்டப்பெயரால் ஒரே தண்டனையாதலால், அதே தமிழ்ச் சொல்லை ஆஸ்திரேலிய வரலாற்றுக்கும் ஆள்வது முறையே ஆகும்.

தண்டனைக்குப் பெயர் கிடைத்தது, மனிதருக்கு? 'கான்விக்ட்' என்பதும் இலத்தீன் வழிச்சொல்தான். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்று நம் சிறைத்துறை பிரித்துச் சொல்வதில் இரண்டாவது இதற்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் பெரும்பாலோர் சிறைச்சுவருக்குள் வாழவில்லை. ஆளுநர் தமக்கிருந்த உழைப்புரிமையைத் தனிப்பட்ட குடியேறிகளுக்கு மாற்றித் தரலாம். அவ்வாறு பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டவரே 'அசைன்ட் சர்வன்ட்'. கூலி கிடையாது, உணவும் உடையும் உண்டு, பணிய மறுத்தால் நீதிபதியின் ஆணைப்படி சவுக்கடியோ விலங்கிட்ட சாலைப் பணியோ காத்திருந்தது. இவர்களை 'ஒப்பந்தக் கூலிகள்' என்று மொழிபெயர்த்தல் ஆகாது. மொரிசியசுக்கும் பீஜிக்கும் போனவர்கள், ஏமாற்றப்பட்டேனும், ஒரு தாளில் கைநாட்டு வைத்தவர்கள். இங்கே ஒப்பந்தம் என்பதே இல்லை. 'ஒப்படைக்கப்பட்ட வேலையாள்' என்பது பொருந்தும். 1838இல் அறிக்கை தந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இம்முறையை அடிமைமுறைக்கு ஒப்பாகக் கண்டது. தண்டிக்கப்பட்டோர் 'கான்விக்ட்' என்ற சொல்லைத் தம்மைக் குறிக்க விரும்பவில்லை. 'கவர்ன்மென்ட் மேன்', அதாவது அரசாங்கத்து ஆள், என்றே சொல்லிக்கொண்டனர்.

அடுத்த படியான 'டிக்கெட் ஆஃப் லீவ்' தமிழில் அடிக்கடி சறுக்கும் இடம். 1801இல் ஆளுநர் கிங் கொண்டுவந்த இச்சீட்டை 'விடுப்புச் சீட்டு' என்று பெயர்த்தால், பள்ளிக்கூட விடுமுறைக் கடிதம் போலாகிவிடுகிறது. இங்கே 'லீவ்' என்பது பழைய ஆங்கிலத்தின் இசைவு, அனுமதி என்ற பொருளில் நிற்கிறது. சீட்டு பெற்றவர், குறிப்பிட்ட மாவட்டத்துக்குள் தமக்காகக் கூலிக்கு உழைக்கலாம். மாவட்டம் தாண்ட முடியாது. நடத்தை கெட்டால் சீட்டு பறிபோகும். பின்னர் வகுக்கப்பட்ட விதிகளின்படி, 7 ஆண்டுத் தண்டனைக்கு 4 ஆண்டுகளும், 14 ஆண்டுக்கு 6 ஆண்டுகளும், ஆயுளுக்கு 8 ஆண்டுகளும் நன்னடத்தையுடன் கழிந்த பிறகே அது கிடைத்தது. 'பிழைப்பு அனுமதிச் சீட்டு' என்பது சற்று நீண்டாலும் செய்தியைச் சரியாகச் சொல்லும் என்று கருதுகிறேன்.

இறுதி நிலையைக் குறிக்கும் 'எமன்சிபிஸ்ட்' என்ற சொல்லோ, ரோமானியச் சட்டத்தில் தந்தையின் ஆதிக்கத்திலிருந்து மகனை விடுவித்தலைக் குறித்த வினையிலிருந்து பிறந்தது. கண்டிப்பான வழக்கில் இது மன்னிப்பால் விடுவிக்கப்பட்டவரை மட்டும் குறிக்கும்; தண்டனைக் காலம் முழுவதையும் கழித்தவர் 'எக்ஸ்பைரி'. தமிழில் இந்த வேறுபாட்டைப் பிறவினையாலும் தன்வினையாலுமே காட்டிவிடலாம்: முன்னவர் விடுவிக்கப்பட்டோர், பின்னவர் விடுதலையானோர். மன்னிப்பிலும் இருவகை உண்டு. நிபந்தனையுடன் மன்னிக்கப்பட்டவர் குடியேற்ற நாட்டில் சுதந்திரமானவர், ஆயினும் பிரிட்டனுக்குத் திரும்ப இயலாது; முழு மன்னிப்பு பெற்றவருக்கு அத்தடையும் இல்லை. தண்டனை முடியுமுன் திரும்பியவருக்கு 1834 வரை மரண தண்டனையே விதியாக இருந்தது.

இச்சொற்களின் எடையை அவற்றைச் சுமந்தவர்களிடம் காணலாம். ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் போலி செய்ததற்காக மரண தண்டனை பெற்று, அது 14 ஆண்டுத் தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டு 1814இல் வந்திறங்கிய கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே, ஆளுநர் மக்குவாரியின் ஆதரவில் சிட்னியின் ஹைட் பார்க் பாசறையை வடிவமைத்தார். அது ஆண் தண்டனைக் கைதிகளுக்கான இருப்பிடம். 1966இல் வெளியான முதல் பத்து டாலர் தாளில் அவர் முகம் இடம்பெற்றது. போலிப் பத்திரம் செய்தவர் பணத்தாளில் ஏறிய விந்தையை ஆஸ்திரேலியரே சிரித்துக்கொண்டு சொல்வர். துணி களவாடி வந்து பெருவணிகரான சைமியன் லார்டை மக்குவாரி 1810இல் நீதிபதியாக்கியபோது, பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் அவருடன் ஒரே அறங்காவல் குழுவில் அமர மறுத்தார். தண்டனைத் தழும்பில்லாத 'எக்ஸ்குளூசிவ்' கூட்டத்தார், விடுவிக்கப்பட்டோரைத் தம் விருந்து மேசைக்கு அண்டவிடாமல் வைத்திருந்தனர். விடுதலையான ஆணுக்கு 30 ஏக்கர், மணமானால் மேலும் 20 ஏக்கர், குழந்தை ஒன்றுக்கு 10 ஏக்கர் என்று தொடக்ககாலத்தில் அரசு வழங்கிய நிலம், யூரா, தாருக் முதலிய தொல்குடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

1828ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டெழுத்துக் குறி ஒன்று இருந்தது: சுதந்திரமாக வந்தவர், இங்கேயே பிறந்தவர், உழைத்துக் கழித்து விடுதலையானவர், சீட்டு பெற்றவர் என இப்படி. மேரி ரைபி என்னும் பெண், பதின்மூன்று வயதில் ஆண்வேடத்தில் குதிரை திருடியதற்காக 7 ஆண்டுத் தண்டனை பெற்று 1792இல் வந்தவர். 1811இல் கணவர் இறந்தபின் ஏழு குழந்தைகளுடன் கப்பல் வணிகத்தையும் கிடங்குகளையும் தாமே நடத்திப் பெருஞ்செல்வரானார். 1820இல் இங்கிலாந்து சென்று மறு ஆண்டு திரும்பிய அவர், குடிமதிப்பில் தம்மை '1821இல் சுதந்திரமாக வந்தவர்' என்று பதிந்துகொண்டார். சொல் பொய்யன்று. இன்றைய இருபது டாலர் தாளில் இருப்பவர் அவரே.

நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புதல் 1840இலும், வான் டீமன்ஸ் லேண்டுக்கு 1853இலும் நிறுத்தப்பட்டன. பின்னது, தன் பெயரோடு ஒட்டிய இழுக்கை நீக்க 1856இல் டாஸ்மேனியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850இல் தொடங்கி, 1868 ஜனவரியில் பிரீமாண்டில் துறையை அடைந்த 'ஹூகுமோன்ட்' கப்பலுடன் முடிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 'ஆயுள் தீவாந்தரம்' என்றிருந்த இடமெங்கும் 'ஆயுள் சிறை' என்று 1955ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றிய பிறகு, தமிழிலும் அச்சொல் நீதிமன்றத்தை விட்டு நீங்கியது. நடப்புச் சட்டத்தில் வேறு பொருளில் ஆளப்படாதிருப்பதால், வரலாற்று எழுத்தில் குழப்பத்துக்கு இடமின்றி அதைப் பயன்படுத்தலாம்: தண்டனைக்குத் தீவாந்தரத் தண்டனை, அதைப் பெற்றவருக்குத் தீவாந்தரக் கைதி.