ரோபோ: நம் பேச்சில் என்ன சொல்வது?

விடுமுறைக்குப் பெருந்துறை போயிருந்தபோது பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘தி வைல்ட் ரோபோட்’ பார்த்தோம். 2024இல் வந்த அனிமேஷன் படம். மனிதர் இல்லாத தீவில் கரையொதுங்கும் ரோஸ் என்ற ரோபோ, தாயை இழந்த வாத்துக்குஞ்சை வளர்த்துப் பறக்க வைக்கிறது. குஞ்சு கூட்டத்தோடு கிளம்புகிற இடத்தில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “ரோபோன்னா நம்ம பேச்சுல என்ன கண்ணு?” என்று என்னைக் கேட்டார்.

சொல் செக் மொழியிலிருந்து வந்தது. எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம்தான் அதைப் பரப்பியது. சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். செக்கில் ‘ரொபோட்டா’ என்றால் பண்ணைக்காரருக்குக் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, அதுவும் இப்படிப்பட்ட உழைப்புதான். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. செயற்கை உயிர்ப்பொருளால் செய்த வேலையாட்கள். முடிவில் அவர்களில் இருவர் ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொள்கிறார்கள். சொல் பிறந்த நாடகத்திலேயே ரோபோவுக்கு மனசு இருந்திருக்கிறது.

தமிழில் ‘தானியங்கி’ என்று எழுதுகிறார்கள். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கிற மோட்டாரும் தானியங்கிதான். ‘இயந்திர மனிதன்’, 2010 படத்தால் பரவிய ‘எந்திரன்’ இரண்டும் ஆண்பால். ஒரு குஞ்சுக்குத் தாயாக நிற்கிற ரோஸை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது ‘பொறி’. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிப் பறப்பது மயில் வடிவில் செய்த மயிற்பொறி. நம் விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் அரசன் உதயணன் கதையிலும், அவனைப் பிடிக்க வீரர்களை உள்ளே ஒளித்துச் செய்த இயந்திர யானை உண்டு. எலிப்பொறி இன்றும் வீட்டில் இருக்கிறது. பொறியியல் என்ற சொல்லும் இதிலிருந்துதான். அதே சமயம் கண், காது, மூக்கு, நாக்கு, உடல் ஐந்தும் ஐம்பொறி! இயந்திரத்துக்கும் உணர்கிற உறுப்புக்கும் ஒரே சொல். உணர்வுள்ள ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமாக எங்கே தேடுவது?

அதோடு ‘ஆள்’ சேர்த்தால் போதும். வயல்காட்டு வேலைக்கு வருபவரை, ஆணோ பெண்ணோ, ஆள் என்றுதானே சொல்கிறோம். பொறியாளரோடு குழம்பாமல் இருக்க ‘பொறி ஆள்’ என்று பிரித்தே எழுதலாம்.

அம்மிச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆளுன்னா கூலி குடுக்கோணுமல்லோ?” என்றார்.